பழைய கோப்புகளை அழிக்கக் காசு செலவழிக்க வேண்டுமா?

கேள்வி: வீட்டில் ஒரு லினக்ஸ் கணினியில் தினமும் ராத்திரி பேக்கப் எடுக்கிறேன். பழையதை அழிக்க மறந்துவிடுவதால் டிஸ்க் நிரம்பி, பேக்கப் பாதியிலேயே நின்றுவிடுகிறது. பெரிய டிஸ்க் வாங்குவதா, தானாகச் சுத்தம் செய்து தரும் மென்பொருளுக்குச் சந்தா கட்டுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பழையதை அழிக்காதவரை எவ்வளவு பெரிய டிஸ்க் வாங்கினாலும் நிரம்பத்தான் செய்யும். சந்தா மென்பொருள் செய்யப்போகும் வேலைக்கு 'ஃபைண்ட்' என்ற கட்டளை உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. குறித்த நேரத்தில் அதை ஓட்ட 'கிரான்' இருக்கிறது. இரண்டும் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் 1970-களிலிருந்தே இருப்பவை.

கட்டளையை இந்த வரிசையில் எழுதுங்கள்: ஃபைண்ட் (find), பேக்கப் ஃபோல்டரின் முழுப் பாதை, -டைப் எஃப் (-type f), -எம்டைம் +30 (-mtime +30), கடைசியில் -பிரிண்ட் (-print). 'டைப் எஃப்' என்றால் கோப்புகளை மட்டும் பார், ஃபோல்டர்களை விட்டுவிடு என்று அர்த்தம். 'எம்டைம் +30' என்றால் 30 நாளுக்கு மேல் பழையதை மட்டும் எடு என்று அர்த்தம். 'பிரிண்ட்' எதையும் அழிக்காது, அகப்பட்டதைப் பட்டியல் போட்டுக் காட்டும், அவ்வளவுதான். அந்தப் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். அழியக் கூடாத ஒரு பெயர்கூட அதில் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் 'பிரிண்ட்' இருந்த இடத்தில் -டிலீட் (-delete) என்று மாற்ற வேண்டும்.

அந்த டிலீட் கடைசியில்தான் இருக்க வேண்டும். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே வேலை செய்யும். பாதைக்கு அடுத்ததாகவே டிலீட்டைப் போட்டுவிட்டால், வயதைப் பார்ப்பதற்கு முன்பே அந்த ஃபோல்டருக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிடும். இங்கே குப்பைத் தொட்டி கிடையாது, போனது போனதுதான். தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள்.

+30 என்பதும் நாம் நினைக்கிற 30 நாள் இல்லை. கோப்பின் வயதை 24 மணி நேரத் துண்டுகளாக வெட்டி, மிச்சத்தைத் தள்ளிவிட்டுத்தான் ஃபைண்ட் கணக்குப் போடும். அதனால் 31 நாள் முழுதாக முடிந்த கோப்புதான் சிக்கும். இன்னொன்று, அது பார்ப்பது கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதியை. டார் கோப்பிலிருந்து (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி வைத்த மூட்டை) இன்று பிரித்தெடுத்த படங்கள்கூடப் பழைய தேதியோடுதான் வந்து உட்காரும், ராத்திரியே காணாமல் போகும். எனவே பேக்கப் ஃபோல்டரில் பேக்கப்பைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள்.

சரி, இனி தானாக ஓடவிடும் விஷயம். பலர் பேக்கப்புக்கு ஒரு கிரான் வரி, அழிப்பதற்குத் தனியாக இன்னொரு வரி என்று வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஏதோ கோளாறில் பேக்கப் ஒரு மாதமாக ஓடவில்லை என்று வையுங்கள். அழிக்கும் வரி மட்டும் தவறாமல் ஓடும். நாளுக்கு ஒன்றாகக் கழித்துக் கட்டி, கடைசியில் இருந்த ஒரே நல்ல பேக்கப்பையும் அழித்துவிடும். அதனால் இரண்டையும் ஒரே ஸ்கிரிப்டில், அதாவது கட்டளைகளை எழுதிவைக்கும் ஒரு கோப்பில், எழுதி நடுவில் && போடுங்கள். முதல் கட்டளை வெற்றியாக முடிந்தால்தான் அடுத்தது ஓடும். அந்த ஸ்கிரிப்டை கிரானில் '0 2 * * *' என்று சேர்த்தால் தினமும் அதிகாலை 2 மணிக்கு ஓடும். ஸ்கிரிப்டுக்கும் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் முழுப் பாதையே கொடுங்கள். நீங்கள் டெர்மினலில் உட்கார்ந்திருக்கும் இடம் கிரானுக்குத் தெரியாது.

டிஸ்க் வாங்கலாமா என்பதை அதற்கப்புறம் கணக்குப் போட்டு முடிவு செய்யலாம். ஒரு பேக்கப் 8 ஜிபி என்றால், +30 வைக்கும்போது புதியது எழுதி முடிகிற நேரத்தில் 32 பிரதிகள் இருக்கும், அதாவது 256 ஜிபி. உங்கள் டிஸ்கில் அவ்வளவு இடம் இருந்தால் ஒரு காசும் செலவழிக்க வேண்டாம். இல்லையென்றால் நாளைக் குறைத்துப் பாருங்கள். ஒரு மாதத்துப் பேக்கப் கட்டாயம் வேண்டும் என்கிற நிலையில் மட்டும் பெரியதாக வாங்குங்கள்.

கேள்வி: பெரிய லாக் கோப்பு (நிரல் தன் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் கோப்பு) ஒன்றை அழித்தேன். ஃபோல்டரில் அது இல்லை, ஆனால் டிஸ்கில் இடம் கூடவே இல்லை. டிஸ்க் வாரண்டியில் இருக்கிறது, மாற்றித் தரக் கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள், டிஸ்கில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு நிரல் அந்தக் கோப்பை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது. அது மூடும்வரை பெயர்தான் போயிருக்கும், இடம் திரும்பி வராது. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' (lsof +L1) கட்டளை எந்த நிரல் என்று காட்டிக்கொடுக்கும். அதை நிறுத்தி மறுபடி ஓட்டினால் இடம் கிடைத்துவிடும். லாக் கோப்புகளுக்கு ஃபைண்டைவிட 'லாக்ரொட்டேட்' (logrotate) என்ற நிரல் பொருத்தம். பழையதை ஒதுக்கி, சுருக்கி, நீங்கள் சொல்லும் எண்ணிக்கைக்கு மேல் போனால் அதுவே அழித்துவிடும். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அதுவும் இலவசமாகவே கூட வருகிறது.