முதல்ல ஓலையை மடிங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ராத்திரி எட்டரைக்கு ஆபீஸ் வேலை முடிஞ்சு பேப்பர் பென்சிலோட உக்காந்தா பதினொண்ணு வரைக்கும் வெள்ளைத் தாளையே பாத்துட்டு எழுந்து போறேன் சார். மனசுல ஒரு தெளிவான ஐடியா வந்தாதானே கை நகரும்? கலைஞர்களுக்கெல்லாம் அது எங்கேர்ந்து வருது? (வாசகர், ஓசூர்)

பதில்: தம்பி, ஐடியா வந்தப்புறம்தான் கை நகரும்னு நீங்க நெனைக்கிறீங்க, நான் பாத்த வரைக்கும் கை நகர்ந்தப்புறம்தான் அது வருது. பதினாறு வயசுல சுவாமிமலையில சாமி சிலை வார்க்கிற ஒரு பட்டறைக்கு மெழுகு வேலை கத்துக்கப் போனேன். அங்க காலையில வந்து யாரும் மோட்டுவளையைப் பாத்துட்டு உக்காந்து நான் பாத்ததே இல்ல. முதல் வேலை ஓலை. செய்யப்போற சாமி எவ்ளோ உயரமோ அவ்ளோ நீளத்துக்கு தென்னை ஓலையில ஒரு நறுக்கு கிழிச்சு அதை மடிக்கணும், ஒடியோலைன்னு அதுக்குப் பேரு. முகம் ஒரு தாலம், தாலத்துக்கு 12 அங்குலம். இது ஸ்கேல்ல இருக்கிற அங்குலம் கெடையாது, அந்த சிலைக்குன்னே பொறந்த அங்குலம். சிவனுக்கும் பெருமாளுக்கும் உத்தம தசதாலம்ங்கிற பத்து தாலக் கணக்கு, கூட நாலு சேத்து மொத்தம் 124 அங்குலம், அம்பாளுக்கு 120. சிலை ஒரு சாண் இருந்தாலும் 124தான், ஆள் உயரம் இருந்தாலும் 124தான், அங்குலம்தான் சின்னதாவும் பெருசாவும் ஆகும்.

மடிக்க மடிக்க என்ன ஆகுதுன்னா, கழுத்து இங்க முடியுது, தொப்புள் இங்க, முட்டி இங்கன்னு அந்த நறுக்குல ஒரு உடம்பு படுத்துருக்கிறது தெரிய ஆரம்பிச்சுடும். கூடவே தியான சுலோகம் இருக்கும், எந்த சாமிக்கு எத்தனை கை, எந்தக் கையில என்ன, நிக்கிறதா உக்காந்திருக்கிறதான்னு. அதை வாயில முணுமுணுத்துட்டே மடிப்பாங்க. அப்புறம் மெழுகு, சிலையை முதல்ல அதுல பிடிச்சுதான் பின்னாடி உலோகத்துல வார்ப்பாங்க. தேன்மெழுகு, குங்கிலியம்ங்கிற மரப்பிசின், கடலை எண்ணெய் மூணையும் காய்ச்சி துணியில வடிகட்டி பச்சைத்தண்ணியில விட்டு எடுப்பாங்க. குங்கிலியம் கூடினா விறைப்பு, எண்ணெய் கூடினா இளக்கம், அதனால சித்திரை மாசத்து மெழுகும் மார்கழி மாசத்து மெழுகும் ஒண்ணா இருக்காது. கையில உருட்டினாலே தெரியும் இன்னிக்கு விரல் பிடிக்கலாமா இல்ல தொடை மட்டும் பிடிச்சிட்டு நிறுத்திக்கலாமான்னு. பாருங்க, என்ன செய்யறதுங்கிறதையே அங்க மெழுகு சொல்லுது.

அதனால நீங்க இன்னிக்கு ராத்திரி ஐடியாவைத் தேடாதீங்க. ஒரு பேப்பரை நறுக்கா கிழிங்க, உங்க டிபன் பாக்ஸோ தண்ணி சொம்போ ஒண்ண எடுத்து அதோட உயரத்துக்கு வெட்டி மடிங்க, கழுத்து எத்தனை மடிப்புல வருது, வாய் அகலம் எத்தனை மடிப்புன்னு பாத்து அதை வரைங்க. மறுநாள் அதே சொம்பு, கழுத்தை மட்டும் ஒரு மடிப்பு கூட வைங்க. அதுக்கடுத்த நாள் வயித்தைக் குறைங்க. நாலாவது நாள் என்ன செய்யணும்னு என்னைக் கேக்க மாட்டீங்க.

கேள்வி: நான் முப்பது வருஷமா வாசல்ல கோலம் போடறவ. என் பொண்ணு காலேஜ்ல ஓவியம் படிக்கிறா. "அளவு, இலக்கணம்னு எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிட்டா அதுல படைப்பு எங்கம்மா இருக்கு, சிலை செய்யறவங்களும் நீயும் காப்பிதானே பண்றீங்க"ன்னு கேக்கறா. எனக்கு பதில் சொல்லத் தெரியல. (வாசகி, மன்னார்குடி)

பதில்: அம்மா, இந்தக் கேள்வியைப் படிச்சதும் எனக்குக் கொஞ்சம் வலிச்சுது, பாப்பா மேல கோவம் இல்ல, இது நெறைய பேர் நெனைக்கிறதுதான். பாப்பாவைக் கூட்டிட்டு ஒரு நாள் தஞ்சாவூர் அரண்மனையில இருக்கிற கலைக்கூடத்துக்குப் போங்க, மன்னார்குடியிலேர்ந்து பஸ்ஸு இருக்கு, காலையில போனா மத்தியானம் திரும்பிடலாம். அங்க திருவெண்காட்டுல கெடைச்ச ரிஷபவாகன சிவன் நிக்கிறாரு, 1011ல செஞ்சது. அம்பாள் பக்கத்துலேயே, அவங்க அடுத்த வருஷம், 1012.

அவரை அவசரமா பாக்காதீங்க. ஒரு கால்ல வெயிட்டைப் போட்டு இன்னொரு காலை மாத்தி வச்சு, ஒரு கை மாட்டு மேல சாஞ்ச மாதிரி நீட்டி நிக்கிறாரு, ஆனா மாடு இல்ல. மாடு கெடைக்கவே இல்ல. ஆயிரம் வருஷமாச்சு, இன்னமும் அந்தக் கை சாஞ்சுட்டுதான் இருக்கு, அந்த மணிக்கட்டு தளர்ந்து தொங்குற தொங்கல்லேயே மாடு எவ்ளோ உயரம், எவ்ளோ சாதுன்னு தெரியுது எனக்கு. தலையில பாம்பு சுத்தின ஜடையை முண்டாசு மாதிரி கட்டிருக்காரு, நம்ம ஊர்ல களத்துமேட்டுல நிக்கிற ஆளு மாதிரி. தாலம் எல்லா ஸ்தபதிக்கும் ஒண்ணுதாம்மா, அங்குலக் கணக்கும் ஒண்ணுதான். அந்த மணிக்கட்டை எவ்ளோ தளர விடணும்னு எந்தச் சுலோகத்துலேர்ந்தும் எடுத்திருக்க முடியாது, அது அந்த ஸ்தபதி மாட்டையும் மாடு மேய்க்கிறவரையும் பாத்துப் பாத்து வாழ்ந்ததுலேர்ந்து வந்தது.

உங்க சிக்குக் கோலமும் அதேதான். புள்ளி வச்சாச்சு, கம்பி ஒவ்வொரு புள்ளியையும் சுத்தி வந்து ஆரம்பிச்ச எடத்துலேயே சேரணும், இது ரெண்டும் மாத்த முடியாது. ஆனா அதே புள்ளியை உங்ககிட்டயும் எதிர்வீட்டு அம்மாகிட்டயும் குடுத்தா வளைவு வேற வேறயா வரும், ரெண்டு பேர் கோலத்தையும் கலந்து போட்டா தெருவுல இருக்கிறவங்க யாரோடது யாரோடதுன்னு சொல்லிடுவாங்க இல்லையா? பாப்பாகிட்ட இதைச் சொல்லுங்க. இன்னும் நல்லது, பேசாம மாவுக் கிண்ணத்தை அவ கையில குடுங்க.

கேள்வி: ஒரு வேலை முடிஞ்சிருச்சுன்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது? நான் மரத்துல சின்னச் சின்ன பொம்மை செதுக்குறேன், திருத்தித் திருத்தி கடைசியில கெடுத்துடறேன். (வாசகர், காரைக்குடி)

பதில்: எங்க வேலையில ஒரு வசதி இருக்கு, கண் திறக்கிறதுன்னு ஒண்ணு கடைசியா வரும், அதுக்கப்புறம் அது சாமி, உளி படக்கூடாது. நீங்களும் அப்படி ஒரு கடைசி வெட்டை முன்னாடியே முடிவு பண்ணி வச்சுக்கலாம், பொம்மைக்கு மூக்குன்னோ கண்ணுன்னோ. அதைப் போட்டா கீழ வச்சிரணும். இன்னொண்ணும் தோணுது. சோழர் காலத்துச் சிலையில வேலைப்பாடு பெரும்பாலும் மெழுகுலேயே முடிஞ்சிருக்கும், வார்த்தப்புறம் உளி கொஞ்சந்தான் பட்டிருக்கும், இப்ப நாங்க வார்த்ததுக்கு அப்புறம் வாரக்கணக்குல அரம் போட்டு செதுக்குறோம். எனக்கு அந்தப் பழைய வழிதான் பிடிக்கும். இளக்கமா இருக்கிறப்பவே முடிவு எடுத்துட்டா அப்புறம் திருத்த ஆசை வராது. மரத்துல வெட்டறதுக்கு முன்னாடி அதே பொம்மையை களிமண்ணுல ரெண்டு மூணு தடவை பிடிச்சுப் பாருங்க, உங்க சந்தேகத்தையெல்லாம் மண்ணுலேயே தீத்துடுங்க.

கேள்வி: வயசு 47, பேங்க் வேலை. வரையணும்னு சின்ன வயசு ஆசை, குடும்பச் சூழ்நிலையில விட்டுட்டேன். இனிமே ஆரம்பிச்சா ஏதாவது ஆகுமா? (வாசகர், மதுரை)

பதில்: ஆகும் சார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரைச் சொல்றேன். அப்பா போனதால 18 வயசுல படிப்பை விட்டுட்டு தந்தி இலாகா வேலைக்குப் போனவரு, 25 வயசுல, 1936லதான் மெட்ராஸ் ஓவியப் பள்ளியில சேர்றாரு. பின்னாடி அதுக்கே முதல்வர். வார்த்தைகளும் குறியீடுகளும்னு இன்னிக்கு எல்லாரும் அவரை ஞாபகம் வச்சிருக்கிற ஓவியங்கள், ஜாதகக் கட்டம், எழுத்து மாதிரி கிறுக்கல், கணக்குக் குறியெல்லாம் வச்சுப் போட்டது, அதைத் தொடங்குறப்ப அவருக்கு அம்பது தாண்டிருச்சு. அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா நிலக்காட்சி, மனுஷங்கன்னு வேற மாதிரி வரைஞ்சிருக்காரு, அதெல்லாம் இல்லாம இது வந்திருக்காதுன்னு நான் நெனைக்கிறேன். 1966ல சென்னை ஈஞ்சம்பாக்கத்துல அவரும் மாணவர்களும் சேந்து சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை ஆரம்பிச்சப்ப பாத்திக், அதாவது மெழுகு வச்சு துணிக்குச் சாயம் போடறது, அது மாதிரி கைவினைப் பொருள் செஞ்சு வித்த காசுதான் கை குடுத்தது. வயித்துக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை, ரெண்டையும் சண்டை போட விடாம வச்சிருந்தாங்க. நீங்க பேங்க் வேலையை விடவேண்டாம் சார், ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு மணி நேரத்தை மட்டும் யாருக்கும் குடுத்துராதீங்க.

கேள்வி: மூணு மாசம் உக்காந்து செஞ்ச சுடுமண் குதிரை சூளையில வெடிச்சிருச்சு. அழுதுட்டேன். திரும்ப மண்ணைத் தொடவே மனசு வரல. (வாசகி, புதுச்சேரி)

பதில்: அழுதது சரிதாம்மா, மூணு மாசம்னா சும்மாவா. என் கதையைச் சொல்றேன். நான் தனியா மெழுகு பிடிச்சு வார்த்த முதல் சிலை ஒரு சின்ன கிருஷ்ணர். மெழுகு மேல வண்டல் மண்ணை மெல்லிசா பூசி, நிழல்ல காய வச்சு, மறுபடி பூசி, கட்டியா மண் கட்டி, வரட்டி போட்டு சூடாக்கி மெழுகை வடிச்சு, மண்ணுக்குள்ள பொதைச்சு ஊத்தினோம். மெழுகு எடையைப் போல எட்டு பத்து மடங்கு உலோகம் வேணும், அதை மூசையிலேர்ந்து, அதாவது உலோகம் உருக்குற பாத்திரத்துலேர்ந்து, நூல் பிடிச்ச மாதிரி விட்டாங்க, எல்லாம் அழகா போச்சு. ஆறி உடைச்சா இடது கையில ரெண்டு விரல் இல்ல. உள்ள இருந்த காத்து வெளிய போறதுக்கு விரல் நுனியிலேர்ந்து ஒரு மெழுகுத் தண்டு வச்சிருக்கணும், நான் மறந்துட்டேன், காத்து அங்கேயே நின்னு உலோகத்தை உள்ள விடல. எங்க வேலையில ஒரு கருவுக்கு, அதாவது ஒரு மண் அச்சுக்கு, ஒரு சிலைதான், மண்ணை உடைச்சாதான் சிலையே வெளிய வரும், அதனால இன்னொண்ணு ஊத்தலாம்னும் கெடையாது. அந்தக் கிருஷ்ணர் திரும்ப மூசைக்கே போனாரு. அன்னிக்கு நான் சோறு திங்கல. ஆனா அதுக்கப்புறம் எந்த சிலையைப் பாத்தாலும் எனக்கு அழகு தெரியறதுக்கு முன்னாடி காத்து எந்த வழியா போகும்னுதான் தெரியுது, கையை எப்படி மடக்கணும்னு யோசிக்கிறப்பவே அந்த வழியும் சேந்து வந்துடுது.

உங்க குதிரைக்கு வருவோம். உள்ள காத்துக்குமிழ் இருந்ததால வெடிச்சதுன்னு உங்ககிட்ட யாராவது சொல்லிருப்பாங்க, பெரும்பாலும் அது காரணம் இல்ல, ஈரம்தான் காரணம். மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், தொடை, மார்புன்னு தடிமனான எடத்துல உள்ள தண்ணி நிக்கும். சூளை 100 டிகிரியைத் தாண்டினதும் அது ஆவியாகி வெளிய வர வழியில்லாம மண்ணைப் பொளந்துடும். அதனால அடுத்த குதிரைக்கு உடம்பை உள்ள குடைஞ்சு எல்லா எடத்துலயும் ஒரே கனமா வைங்க, கால் வழியா ஒரு ஓட்டை விடுங்க, நிழல்ல நல்லா காயட்டும், அவசரப்பட்டு வெயில்ல வைக்காதீங்க. சூளை மூட்டினப்புறம் ரொம்ப நேரம் சின்னத் தீயிலேயே வச்சிருங்க. ஈரம் போயிருச்சான்னு பாக்க ஒரு வழி இருக்கு, சூளையோட புகைவாய்க்கு மேல ஒரு சின்ன முகம்பாக்குற கண்ணாடியை ரெண்டு நொடி காட்டி எடுங்க. மூச்சு விட்ட மாதிரி பனி படிஞ்சா இன்னும் தண்ணி வருதுன்னு அர்த்தம், அப்படியே விட்டுட்டு அரைமணி கழிச்சு திரும்பப் பாருங்க. பனி படியாம கண்ணாடி தெளிவா இருக்கிறப்ப தீயை ஏத்துங்க.