சிரட்டைக் கணக்கில் குவிபிட்

(நாகர்கோவிலில் ஒரு ஞாயிறு மாலை, இயற்பியல் வாத்தியாரிடம் கேட்டவை)

தக்கலை மாணவி: சார், குவிபிட்டும் ரெசனேட்டரும் ஆற்றலைக் கைமாற்றிக்கொள்வது எப்படி?

குவிபிட் என்பது குவாண்டம் கணினியில் 0, 1 நிலைகளைத் தாங்கும் அலகு; ரெசனேட்டர் அதே சிப்பில் தனக்கென ஓர் அதிர்வெண்ணில் அதிரும் மின்சுற்று. துணிக்கொடியில் ஒரே நீள நூலில் இரண்டு சிரட்டையைத் தொங்கவிடு, மக்களே. மணல் போட்டுக்கொள். ஒன்றை மட்டும் கொடிக்குக் குறுக்காக ஆட்டிவிடு. கொஞ்ச நேரத்தில் அது ஓய்ந்துவிடும், மற்றது ஆடும். அப்புறம் ஆட்டம் திரும்பி வரும். ஒரு சிரட்டை குவிபிட், மற்றது ரெசனேட்டர். சிப்பில் கொடியின் வேலையைப் பார்ப்பது ஒரு சின்ன மின்தேக்கி. போய்வருவது ஒரே ஒரு மைக்ரோவேவ் ஃபோட்டான், அதாவது மைக்ரோவேவ் ஆற்றலின் ஒற்றைத் துளி. பிணைப்பின் வலு 50 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒருமுறை கைமாற 5 நானோநொடி.

மார்த்தாண்டம் எலக்ட்ரீசியன்: நடுவில் நிறுத்த சுவிட்ச் உண்டா அண்ணாச்சி?

ஒரு நூலைச் சுருக்கிக் கட்டிப் பாருங்கள். மற்ற சிரட்டை லேசாக நடுங்கும், அவ்வளவுதான். குவிபிட்டில் நூலைச் சுருக்குவது காந்தப் பாயம், அதாவது வளையத்தை ஊடுருவும் காந்தப்புலத்தின் அளவு. இரண்டு ஜோசப்சன் சந்தி (மீகடத்திகளுக்கு நடுவே மெல்லிய மின்காப்புப் படலம்) உள்ள வளையத்துக்குள் அதை மாற்றினால் அதிர்வெண் நகரும். ரெசனேட்டர் 6 ஜிகாஹெர்ட்ஸ், குவிபிட் 5 என்று தள்ளி வைத்தால் கைமாற்றம் அநேகமாக நின்றுவிடும். வேண்டும்போது 5 நானோநொடி மட்டும் இரண்டின் அதிர்வெண்ணையும் ஒன்றாக்கிவிட்டு விலக்க வேண்டும். 10 ஆகிவிட்டால் ஃபோட்டான் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும்!

அநேகமாக என்றேன். அவ்வளவு தள்ளி வைத்தும் நூற்றில் ஒரு பங்கு எட்டிப் பார்க்கும். அதனால் நடுவில் இன்னொரு வளையத்தை வைப்பார்கள். நேர்வழிப் பிணைப்பும் அதன் வழிப் பிணைப்பும் ஒன்றையொன்று ரத்துசெய்யும்படி சரிசெய்தால் பிணைப்பு சுழியம். எனக்குப் பிடித்தது இதுதான், கூடுதல் கம்பி, கூடுதல் இரைச்சல் என்றாலும்.

குளச்சல்காரர்: தள்ளியே வைத்தால் ரெசனேட்டர் எதற்கு?

குவிபிட்டின் நிலையைப் படிக்க. குவிபிட் 0வா 1ஆ என்பதைப் பொறுத்து ரெசனேட்டரின் அதிர்வெண் சற்று நகரும். ஆற்றலைப் பிடுங்காமலே நிலை தெரிந்துவிடும். ஆனால் படிக்கிற கம்பி வழியே குவிபிட்டின் ஆற்றல் கசியும். சுற்றியுள்ள ரெசனேட்டரைப் பொறுத்து ஆற்றல் கசியும் வேகம் மாறும் என்று 1946இல் இயற்பியலாளர் பர்செல் சொன்ன விளைவின் சாயல் அது. படிக்கும் அதிர்வெண்ணைப் போகவிட்டு, குவிபிட்டுடையதை மறிக்கும் வடிகட்டி வைப்பார்கள். வலைக்கண் பார்த்து வலை போடுவது உங்களுக்குத் தெரியாததா?

ஆரல்வாய்மொழிக்காரர்: இத்தனை குளிர் ஏன்?

உங்கள் ஊர்க் காற்றில் இந்தச் சிரட்டைச் சோதனை நடக்குமா? காற்றே இரண்டையும் ஆட்டிவிடும். வெப்பமும் அப்படித்தான். 5 ஜிகாஹெர்ட்ஸ் ஃபோட்டானின் ஆற்றல் 0.24 கெல்வினுக்குச் சமம். வெப்பம் தானாக அதைக் கிளப்பாமல் இருக்க, அதைவிட வெகு கீழே 0.02 கெல்வின் வரை குளிர்விக்கிறார்கள்.

மறுபடி மாணவி: கொடியை இறுக்கிக் கட்டணுமா சார்?

இறுக்கினால் கைமாற நேரமாகும். கொஞ்சம் தொய்வாக விடு, சீக்கிரம் மாறும். நூல் ஒரு முழம் போதும்.