கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. ஒன்றாம் வகுப்பு. ஓர் இடத்தில் உட்காருவதில்லை, சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று வாரம் தவறாமல் டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். வீட்டிலும் மூன்று முறை கூப்பிட்டால்தான் திரும்புகிறான். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான். அடிக்கடி சளி வேறு; வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்குவான். மாமியார் சொல்கிறாரே என்று அடித்தும் பார்த்துவிட்டேன். மூளை வளர்ச்சியில் குறையா, டாக்டர்?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அடிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள் அம்மா. போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் சளி, குறட்டை, டிவி சத்தம் மூன்றும்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வதுண்டு. பெரும்பாலும் வலி, காய்ச்சல் எதுவும் இருக்காது. காதில் பஞ்சு அடைத்தது போலத்தான் கேட்கும். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருந்தால் ராத்தூக்கமும் கெடும். தூக்கம் கெட்டால் நாம் பகலில் தூங்கி விழுவோம். பிள்ளைகளில் பலர் நிலைகொள்ளாமல் ஓடுவார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுமியை அழைத்து வந்தார்கள். 'திமிர் அதிகம்' என்று புகார். அவள் தரையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று, 'ஐஸ்கிரீம் வேணுமா?' என்று மெதுவாகக் கேட்டேன். கை நிற்கவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்து, உதடு தெரிய அதையே கேட்டேன். 'வெனிலா' என்றாள். அவளுடைய அம்மா அங்கேயே அழுதுவிட்டார். எத்தனை அடி வாங்கியிருக்கும் அந்தப் பிள்ளை!

சென்ட்ரல் எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, குறட்டையையும் மறக்காமல் சொல்லுங்கள். காதும் தூக்கமும் சரியாக இருந்தால், அப்புறம் ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல், அளவுக்கு மீறித் துறுதுறுவென இருக்கும் குறைபாடு) பற்றி யோசிக்கலாம். அதைக்கூட டைரியை வைத்து முடிவு செய்ய முடியாது. வீடு, பள்ளி இரண்டிலும் 6 மாதமாவது அறிகுறிகள் தொடர வேண்டும்.

இன்னொன்று. 'பையை வை, ஷூவைக் கழற்று, கை கழுவு, டிபன் பாக்ஸை எடு' என்று ஒரே மூச்சில் சொன்னால், நல்ல காது உள்ள 6 வயதுப் பிள்ளைக்கும் பாதி நினைவில் நிற்காது. அவன் முகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

பரிசோதனை முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். அதுவரை அவனை முதல் பெஞ்சில் உட்கார வைக்கும்படி டீச்சரிடம் கேளுங்கள்.