சிவப்பு அடித்த புத்தக வண்டி

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். போன மாதக் கூட்டத்தில் ஒருவர், “ஆளே வருவதில்லை, அப்புறம் நூலகம் எதற்கு?” என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அமெரிக்காவில் ஒரு மாவட்ட நூலகம் குதிரை வண்டியில் புத்தகம் அனுப்பியதாக நீங்கள் ஒரு உரையில் போகிற போக்கில் சொன்னீர்கள். அதைக் கொஞ்சம் விரிவாக எழுத முடியுமா?

கலைச்செல்வி

அன்புள்ள கலைச்செல்வி,

அது மேரிலாண்ட் மாநிலத்தின் வாஷிங்டன் கவுண்டி இலவச நூலகம். ஹேகர்ஸ்டவுன் நகரில் இருக்கிறது. கவுண்டி என்றால் நிர்வாகத்தில் நம் மாவட்டம் மாதிரி, பரப்பில் ஒரு பெரிய தாலுகா அளவு. 1901-ல் திறந்தார்கள். நகரத்துக்காரர்களுக்கு மட்டுமல்ல, கவுண்டியில் குடியிருக்கும் எல்லோருக்கும் இலவசம் என்றே தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் அது அபூர்வம்.

ஆனால் இலவசம் என்று அறிவித்தால் போதுமா? மலையடிவாரப் பண்ணையில் மாடு கறப்பவர் புத்தகம் எடுக்க ஒரு பகலைச் செலவழித்து டவுனுக்கு வரமாட்டார். நூலகர் மேரி டிட்கம்ப் அம்மையாருக்கு இது ஆரம்பத்திலேயே புரிந்துவிட்டது. பெட்டிக்கு 30 புத்தகம் வீதம் கிராமத்து மளிகைக் கடைகளுக்கும் தபால் நிலையங்களுக்கும் அனுப்பி வைத்தார். சில வருடங்களில் அப்படி 66 இடங்கள் ஆயின. வேறொருவராக இருந்தால் அதோடு திருப்திப்பட்டிருப்பார். அவரோ, கடைக்கும் வராத வீடுகளைப் பற்றி யோசித்தார்.

1905-ல் வண்டி கிளம்பியது. இரண்டு குதிரைகள் பூட்டிய வண்டி. வெளிப்பக்கத்தில் அலமாரித் தட்டுகள், நடுவில் பெட்டிகள் வைக்க இடம். ஓட்டியவர் ஜோஷுவா தாமஸ், நூலகக் கட்டடத்தைப் பராமரிக்கும் பணியாளர். அலங்காரம் ஏதுமில்லாத அந்த வண்டியைப் பார்த்த ஒரு பண்ணை வீட்டுக்காரர், பிணவண்டி என்று நினைத்து, ‘இங்கே நிறுத்தாதே, எங்கள் வீட்டில் அதற்கு வேலையில்லை’ என்று விரட்டியிருக்கிறார். உடனே சக்கரத்துக்கும் பலகைக்கும் பளிச்சென்று சிவப்பு அடித்தார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஜனங்களுக்குப் படிக்கும் ஆசை இல்லை என்று அந்த நூலகம் சலித்துக்கொள்ளவில்லை, தன் வண்டியைத்தான் மாற்றிக்கொண்டது.

1910-ல் தண்டவாளத்தைக் கடக்கும்போது சரக்கு ரயில் மோதி அந்த வண்டி நொறுங்கிப்போனது. 1912-ல் மோட்டார் வண்டி வந்தது. அமெரிக்காவில் நடமாடும் நூலகத்தின் தொடக்கம் என்று இந்த வண்டியைத்தான் சொல்கிறார்கள். நம்மிடமும் உண்டு: 1931-ல் மன்னார்குடிப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்.

என் அம்மா வாரம் நான்கு புத்தகம் படிப்பார், ஆனால் எங்கள் ஊர் நூலகத்துக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆண்கள் பேப்பர் படிக்கும் இடம் அது என்று நினைத்திருந்தார். நூலகர் என் பையில் அவருக்கென்று தனியாக எடுத்து வைத்து அனுப்புவார். எட்டு வயதில் நான்தான் அவருக்குப் புத்தக வண்டி.

சரி, உங்கள் கூட்டத்துக்கு வருகிறேன். அடுத்த முறை உறுப்பினர் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். முகவரிகளைத் தெருத் தெருவாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு உறுப்பினர்கூட இல்லாத தெரு எது, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு நூலகரிடம் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் புத்தகங்களோடு அந்தத் தெருவுக்குப் போங்கள். என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்