கடிவாயைச் சுற்றிப் போடும் ஊசி

கேள்வி: என் மகனைத் தெருநாய் கடித்து இரத்தம் வந்துவிட்டது. மருத்துவமனையில் கையில் தடுப்பூசி போட்டதோடு, கடிவாயைச் சுற்றியும் பல இடங்களில் ஊசி போட்டார்கள். இரண்டுமே ரேபிஸுக்குத்தான் என்றால், ஒரு நோய்க்கு இரண்டு மருந்து எதற்கு?
– வாசகி, தேனி

பதில்: கையில் போட்டது தடுப்பூசி, கடிவாயைச் சுற்றிப் போட்டது இம்யூனோகுளோபுலின், அதாவது வேறொரு மனிதரின் அல்லது குதிரையின் இரத்தத்தில் முன்பே உருவான எதிர்ப்பொருள்.

துப்பாக்கிக் குண்டு வடிவிலான ரேபிஸ் வைரஸின் மேற்பரப்பு முழுவதும் ஒரே வகைப் புரத முட்கள் நிறைந்திருக்கின்றன. நரம்புச் செல்லைப் பற்றி உள்ளே நுழைவதற்கு அதற்கு வேறு கருவி கிடையாது. ஒய் என்ற ஆங்கில எழுத்தைப் போன்ற எதிர்ப்பொருளின் இரு கைகளின் நுனியிலும் உள்ள மேடுபள்ளங்கள் அந்த முள்ளின் ஒரு சிறு பகுதியோடு அச்சாகப் பொருந்துகின்றன. தனித்தனியே வலுவற்ற பல ஈர்ப்புகள் ஒன்றுசேர்ந்து பிடியை இறுக்கியதும், முள்ளால் செல்லைப் பற்றவும் முடிவதில்லை, உள்ளே புகுவதற்காகத் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளவும் முடிவதில்லை. இதைத்தான் வைரஸைச் செயலிழக்கச் செய்தல் என்கிறோம். அப்படி முடங்கிய வைரஸை விழுங்கி அழிப்பது வெள்ளணுக்களின் வேலை.

இத்தகைய எதிர்ப்பொருளை உங்கள் மகனின் உடலே உருவாக்கிக்கொள்ளும். பிறவியிலிருந்தே பல கோடி வடிவங்களில் காத்திருக்கும், எதிர்ப்பொருளை உருவாக்கும் வெள்ளணுக்களான பி செல்களில் பொருத்தமானவற்றைத் தடுப்பூசி தட்டியெழுப்பிப் பெருகச் செய்கிறது. ஆனால் அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். அதற்குள் வைரஸ் நரம்புக்குள் புகுந்துவிட்டால், இரத்தத்தில் எவ்வளவு எதிர்ப்பொருள் இருந்தாலும் அதை எட்டிப் பிடிப்பது மிகக் கடினம். நோய் வெளிப்பட்டபின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. அந்த இடைவெளியை அடைக்கத்தான், வைரஸ் இறங்கிய இடத்திலேயே இரவல் எதிர்ப்பொருளைச் செலுத்துகிறார்கள். (கடித்தவுடன் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவச் சொல்வதும் இதற்காகவே, வைரஸின் கொழுப்பு உறையைச் சோப்பு கரைத்துவிடும்.)

எடைக்கு ஏற்ப, குதிரையிலிருந்து எடுத்ததானால் கிலோவுக்கு 40 அலகு, மனிதரிடமிருந்து எடுத்ததானால் 20 அலகு என்பது உச்ச அளவு. அதற்கு மேல் போனால், தடுப்பூசியால் உடல் தானாக உருவாக்கும் எதிர்ப்பொருளை அது குறைத்துவிடும். தடுப்பூசியையும் இம்யூனோகுளோபுலினையும் ஒரே இடத்தில் போடாததற்கும் காரணம் இதுவே.

இரவல் எதிர்ப்பொருள் சில வாரங்களில் குறைந்து மறைந்துவிடும். எனவே, காயம் ஆறிவிட்டது என்று எண்ணி அடுத்த தவணைகளை விட்டுவிடாதீர்கள். தோலுக்குள் போடும் முறையானால் 3, 7, 28ஆம் நாள்களிலும் மகனைத் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள்.