மூக்கி பெட்ஸைக் கொடுத்தது வரிக்காகவா?

கேள்வி: ஐ.பி.எல். ஏலத்தில் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று கையைக் கட்டிவிடுகிறார்கள். அமெரிக்க பேஸ்பாலில் அப்படி இல்லையாமே?

பதில்: உச்சவரம்பு கிடையாது, வரிதான். அணியின் மொத்தச் சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு முதல் வருடம் 20 சதவீதம், அடுத்த வருடமும் தாண்டினால் 30, மூன்றாவது முறை 50. ஒரே ஒரு வருடம் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டால் மறுபடி 20-லிருந்து ஆரம்பம்.

கேள்வி: அந்த வரிக்காகத்தான் 2020-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி தன் நட்சத்திர ஆட்டக்காரர் மூக்கி பெட்ஸை லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணிக்குக் கொடுத்தது, ஒப்பந்தம் முடிந்து எப்படியும் போகப் போகிறவரை டிரேட் செய்தது (வேறு அணியோடு ஆள் மாற்றிக்கொண்டது) புத்திசாலித்தனம் என்று அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி வாதாடுகிறான். சரியா?

பதில்: பாதி சரி. 2018, 2019 இரண்டு வருடமும் பாஸ்டன் கோட்டைத் தாண்டியிருந்தது, 2020-க்கான கோடு 20.8 கோடி டாலர், அதனால் ஒருமுறை கீழே இறங்கிவிடலாம் என்று முதலாளிகள் நினைத்தார்கள், அதுவரை புரிகிறது. ஆனால் 2019-க்கு அவர்கள் கட்டிய வரி சுமார் 1.3 கோடி. பெட்ஸின் 2020 சம்பளமே 2.7 கோடி! இந்த வரி கட்டி பாஸ்டன் ஏழையாகிவிடும் என்று தம்பி சொன்னால் நம்பாதீர்கள்.

பணம் போன இடம் வேறு. டேவிட் பிரைஸுக்கு 7 வருடத்துக்கு 21.7 கோடி, 2019 மார்ச்சில் கிறிஸ் சேலுக்கு 14.5 கோடி, அடுத்த மார்ச்சிலேயே சேலுக்கு முழங்கை அறுவை சிகிச்சை. இப்படித் தோளும் முழங்கையும் எப்போது மக்கர் செய்யும் என்று தெரியாத பந்துவீச்சாளர்களுக்கு வாரிக் கொடுத்துவிட்டு, 2018-இல் எம்.வி.பி. விருதும் (லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கானது) சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரும் ஜெயித்த 27 வயது ஆட்டக்காரரிடம் வரும்போது மட்டும் கணக்குப் பார்த்தால் எப்படி?

அதே டிரேடில் பிரைஸையும் தள்ளிவிட்டார்கள். அவருக்கு பாக்கியிருந்த 9.6 கோடியில் பாதியை டாட்ஜர்ஸ் ஏற்றுக்கொண்டது. சும்மா ஏற்பார்களா? பெட்ஸுக்கு ஈடாக வந்திருக்க வேண்டிய இளம் திறமையில் ஒரு பங்கு அங்கேதான் கழிந்தது என்பது என் கட்சி.

சீசன் முடிந்ததும் பெட்ஸ் ஃப்ரீ ஏஜென்ட் (விரும்பிய அணியில் சேரக்கூடியவர்) ஆகிப் போயிருப்பார், பாஸ்டனுக்கு டிராஃப்டில், அதாவது புது இளைஞர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஒரு கூடுதல் வாய்ப்புதான் மிஞ்சியிருக்கும் என்கிறீர்களா? அந்த ரிஸ்க் டாட்ஜர்ஸுக்கும் இருந்தது. அவர்கள் கொரோனாவால் தள்ளிப்போன சீசன் தொடங்குவதற்கு முந்தின நாள் 12 வருடம், 36.5 கோடி என்று பேசி முடித்துவிட்டார்கள்.

கேள்வி: பதிலுக்கு வந்தவர்கள்?

பதில்: மூன்று பேர். வெர்டுகோ சுமாராக ஆடினார், 2023 டிசம்பரில் யாங்கீஸுக்கு அனுப்பினார்கள் (பரம எதிரிக்கு!). ஜீட்டர் டவுன்ஸை 2022-இலேயே கைகழுவினார்கள். கானர் வாங் கேட்சராக (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி) நிலைத்தார்.

கேள்வி: அப்படியானால் நீண்ட ஒப்பந்தம்தான் நல்லதா?

பதில்: ஆளைப் பொறுத்தது. பெட்ஸின் ஒப்பந்தம் 2032 வரை, அப்போது அவருக்கு 40 வயது, கடைசி சில வருடங்கள் தண்டமாகவே போகலாம். போகட்டுமே. அவரை வைத்து டாட்ஜர்ஸ் 2020, 2024, 2025 மூன்று கோப்பைகள் வாங்கிவிட்டது. சேல் கதை இன்னும் வேடிக்கை: 1.7 கோடி டாலரும் கூடக் கொடுத்து பாஸ்டன் அவரை அட்லாண்டாவுக்கு அனுப்பியது, அடுத்த வருடமே அங்கே சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கினார்.