எந்த வாசலைத் தட்டுவது? சென்னை வாசகர்களின் கேள்விகளும் எங்கள் பதில்களும்

கேள்வி: மழை நின்று இரண்டு நாள் ஆகியும் தெருமுனையில் கறுப்புத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மாநகராட்சியிடம் சொல்வதா, மெட்ரோ வாட்டரிடம் சொல்வதா?
– வாசகி, கொளத்தூர்

பதில்: தண்ணீர் எந்த மூடியிலிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். தெருவின் நடுப்பகுதியில் வட்ட மூடி இருந்தால் அது பாதாளச் சாக்கடை. சென்னைக் குடிநீர் வாரியம், அதாவது நாம் மெட்ரோ வாட்டர் என்று சொல்வது, அதைப் பார்த்துக்கொள்கிறது. தெருவோரமாகச் சதுரம் அல்லது நீள்சதுரக் கான்கிரீட் மூடி போட்டு ஓடுவது மழைநீர் வடிகால். அது மாநகராட்சியின் பொறுப்பு. வட்ட மூடியின் விளிம்பில் நீர் கொப்பளித்து வந்தால் வாரியத்தின் 1916 அல்லது 044-4567 4567. ஓர வடிகால் நிரம்பி வழிந்தால் மாநகராட்சியின் 1913. இரண்டுமே வழிந்தால் இரண்டு புகார் கொடுங்கள். ஒரே புகாரில் இரண்டையும் சேர்த்துச் சொன்னால், புகாரைப் பெறுபவர் ஒன்றை மட்டும் பதிந்துகொண்டு மற்றதை விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

வடிகாலை இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் புகாரின் பலம் கூடும். சாலையோரக் கட்டையில் சில அடிகளுக்கு ஒரு துவாரம் இருக்கும். சாலைத் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும் வழி அதுதான். சாலையில் தண்ணீர் நிற்கிறது, ஆனால் மூடி இடுக்கு வழியாகப் பார்த்தால் வடிகாலுக்குள் நீர்மட்டம் தாழ்வாக இருக்கிறது என்றால் அடைத்திருப்பது துவாரம்தான். பிளாஸ்டிக் பையும் தென்னஞ்சருகும் சிக்கியிருக்கும்; தூய்மைப் பணியாளர் ஒருவர் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். வடிகாலும் விளிம்புவரை நிரம்பி நின்றால் அடைப்பு கீழே எங்கோ இருக்கிறது. வண்டல் படியும் தொட்டி தூர்ந்திருக்கலாம், அல்லது கால்வாயில் சேரும் வாயில் நீர் ஏறி நிற்கலாம். 'துவாரம் அடைப்பு' என்று சொன்னால் ஆள் வருவார். 'வடிகாலே ஓடவில்லை' என்று சொன்னால் பொறியாளர் வர வேண்டும். அதனால் எது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஏப்ரல், மே வெயிலில் மழைநீர் வடிகாலில் கறுப்புத் தண்ணீர் ஓடினால், யாரோ கழிவுநீர்க் குழாயை அதில் விட்டிருக்கிறார்கள். அது சட்டவிரோத இணைப்பு. எந்த இரண்டு மூடிகளுக்கு நடுவில் தண்ணீர் கறுக்கத் தொடங்குகிறது என்று குறித்துக் கொடுத்தால் இணைப்பைக் கண்டுபிடிப்பது எளிது.

எதிர்த் தவறும் அதே அளவு நடக்கிறது. மொட்டைமாடி மழைக்குழாயைச் சாக்கடைச் சேம்பரில் இறக்குகிறார்கள். தெருவில் தண்ணீர் நின்றால் வட்ட மூடியைத் திறந்துவிடுகிறார்கள். சாக்கடைக் குழாய் வீட்டுக் கழிவுநீரின் அளவுக்கு மட்டும் கட்டப்பட்டது. மழைநீரோடு மணலும் உள்ளே போய்ப் படிய, தாழ்வான வீட்டின் கழிப்பறை வழியாக அது திரும்பி மேலே வருகிறது. திறந்து கிடக்கும் மூடியில் விழுந்து உயிர் போயிருக்கிறது. தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள்.

வீட்டுக்குள்ளேயே அடைப்பு என்றால், காம்பவுண்டுக்குள் உள்ள கடைசிச் சேம்பரைத் திறந்து பாருங்கள். அது நிரம்பி, தெரு மூடிக்குக் கீழே நீர் சாதாரணமாக ஓடினால் அடைப்பு உங்கள் இணைப்புக் குழாயில். இரண்டும் நிரம்பியிருந்தால் தெருக் குழாயில். அதற்கு, வேகமாக நீரைப் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் ஜெட்டிங் வண்டி வர வேண்டும். எந்த நிலையிலும் ஒரு மனிதரை உள்ளே இறக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். உள்ளே தேங்கும் நச்சுவாயு சில நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும்.

தொலைபேசியில் தீராததை நேரில் சொல்ல, வாரியத்தின் பகுதி அலுவலகங்களில் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை குறைகேட்புக் கூட்டம் உண்டு. முந்தைய புகார் எண்களை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் புதுச் சாலை போடப் போகிறார்களாம். ஒவ்வொரு முறையும் சாலை உயர்ந்து, இப்போது வாசற்படி மூன்றில் இரண்டு மண்ணுக்குள் போய்விட்டது. தடுக்க வழி உண்டா?
– வாசகர், அயனாவரம்

பதில்: உண்டு, ஆனால் தார் விழுவதற்கு முன்னால். விழுந்த பிறகு யாரும் அதைச் சுரண்டி எடுப்பதில்லை.

பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குப் புதிதாகப் போடுவதுதான் முறை. 'மில்லிங்' என்று சொல்வது இதைத்தான். சாலை மட்டம் உயரக்கூடாது, சுரண்டாமல் மேலே போடக்கூடாது என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் எழுதினார். சுரண்டாமல் போட்டால் வீடு தாழ்வதோடு முடிவதில்லை. ஓரக்கட்டை அமுங்கி, நாம் மேலே சொன்ன வடிகால் துவாரங்களும் தாருக்குள் புதைகின்றன. அடுத்த மழையில் தண்ணீருக்குப் போக வழி உங்கள் வாசல்தான்.

செய்ய வேண்டியது இது. வேலை தொடங்கும் முன் உங்கள் வாசற்படியின் மேல் விளிம்பிலிருந்து சாலை வரை டேப்பால் அளந்து, டேப் தெரியும்படி படம் எடுங்கள். சுவரில் ஒரு கோடு பெயின்ட்டால் போட்டு வைத்தால் இன்னும் நல்லது. தெருவின் இரு முனையிலும் நடுவிலும் இப்படி மூன்று வீடுகள் செய்தால் போதும். பிறகு வார்டு உதவிப் பொறியாளரிடம், பணி மதிப்பீட்டில் மில்லிங் சேர்ந்திருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத்தில் கேளுங்கள். நகல் மண்டலச் செயற்பொறியாளருக்கு.

வேலை நடக்கும் இரவில் கவனிக்க வேண்டியவை: சுரண்டிய தூசியைக் காற்றடித்தோ பெருக்கியோ எடுத்தார்களா? தூசிமேல் போட்ட தார் அப்பளம்போல் பெயரும். சுத்தம் செய்த பரப்பின் மேல் ஒட்டுத்தார் மெல்லிய படலமாகத் தெளித்தார்களா? தார்க்கலவை விரிக்கும்போது வெப்பம் 140 டிகிரி செல்சியசுக்குக் குறையக்கூடாது. உருளை ஓடி முடிக்கும்போது 90 டிகிரிக்குக் கீழே போய்விடக்கூடாது. லாரி நெடுநேரம் காத்து நின்றாலோ தூறல் விழுந்தாலோ கலவை ஆறிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு உருட்டினாலும் இறுகாது. சரளை பிரிந்து தெரியும் திட்டுகள் அதன் அடையாளம். பொறியாளரிடம் வெப்பமானி இருக்கும், காட்டச் சொல்லிக் கேட்கலாம். சாக்கடை மூடி, குடிநீர் வால்வுப் பெட்டி இரண்டும் புதிய மட்டத்துக்குச் சரிசெய்யப்பட்டதா என்றும் பாருங்கள். அவை பள்ளமாக விடப்பட்டால் இருசக்கர வண்டிக்காரருக்கு ஆபத்து.

பிறகு சந்தேகம் வந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பணி ஆணை, மதிப்பீடு, அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையின் அளவைப் பதியும் ஏடு) சம்பந்தப்பட்ட பக்கங்கள் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பலருக்குத் தெரியாத ஒன்று: அதே சட்டத்தின் பிரிவு 2(ஜே) பணியை நேரில் பார்வையிடவும், சான்றளிக்கப்பட்ட பொருள் மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. 'சாலை ஏன் மோசம்?' என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இதையெல்லாம் தொடங்கும் முன் சாலை யாருடையது என்று உறுதி செய்யுங்கள். உட்புறத் தெரு மண்டல அலுவலகத்தின் கையில். பேருந்து ஓடும் சாலை ரிப்பன் மாளிகையில் உள்ள பேருந்துச் சாலைத் துறையிடம். அண்ணா சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. வார்டு அலுவலகத்தில் அதற்கு மனு கொடுத்துப் பயனில்லை.

கேள்வி: மூன்று மாதம் முன்பு பழைய ஃபிளாட் வாங்கினோம். சொத்து வரியில் பெயர் மாற்றிவிட்டோம். குடிநீர் வரிக்குத் தனியாக நோட்டீஸ் வருகிறதே?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: இரண்டும் தனித்தனி. சொத்து வரி மாநகராட்சிக்கு. குடிநீர், கழிவுநீர் வரி வாரியத்துக்கு. வாரியம் வாங்குவது ஆண்டு மதிப்பில் (வரிக்காக மதிப்பிடும் ஆண்டு வாடகை) 7 சதவீதம். மாநகராட்சியில் பெயர் மாறினால் வாரியத்தின் பதிவேட்டிலோ மின் இணைப்பிலோ தானாக மாறிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று இடத்திலும் மாறியதா என்று ரசீதைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், கடைசி வரி ரசீது இவை வேண்டும். வாரிசு வழி வந்த வீடானால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும். பழைய பாக்கி நின்றால் வேலை நகராது. அதனால் வாங்கும் முன்பே விற்பவரிடம் இரண்டு வரிக்கும் பாக்கியில்லா ரசீது கேட்டு வாங்குவது நல்லது. பத்திரத்தில் உள்ள எழுத்தும் ஆதாரில் உள்ள எழுத்தும் வேறுபட்டால் மனு திரும்பி வரும்.

சொத்து வரி எண்ணில் நான்கு பகுதிகள்: மண்டலம், வட்டம் (வார்டு), பில் எண், துணை எண். ஃபிளாட்டுகளில் துணை எண் மாறிப் போய் பக்கத்து வீட்டு வரியைக் கட்டியவர்கள் உண்டு. கட்டும் முன் திரையில் வரும் பெயரையும் கதவு எண்ணையும் படியுங்கள்.

அரையாண்டு ஏப்ரல் 1-லும் அக்டோபர் 1-லும் தொடங்குகிறது. முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை. அதற்குப் பிறகு மாதம் 1 சதவீதம் தனிவட்டி. இன்னொன்று, வரி ரசீது வீட்டின் உரிமைக்குச் சான்று ஆகாது. உரிமை பத்திரத்தில்தான்.

கேள்வி: பகுதி சபா என்கிறார்களே, அதில் சாதாரணக் குடிமக்கள் பேசலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: பேசலாம். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். கிராம சபை போல நகரத்துக்கும் வேண்டும் என்று 2022-இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று கூட்டங்கள் தொடங்கின. சென்னையில் ஒரு வார்டு 10 பகுதிகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி. அவர்களும் கவுன்சிலரும் சேர்ந்தது வார்டு குழு. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகியவை பகுதி சபாவுக்குக் குறித்த நாட்கள். இடமும் நேரமும் ஒரு வாரம் முன்பே வார்டு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் தெரிந்து ஓடிப்போனால் கூட்டம் முடிந்திருக்கும்.

அங்கே போய் ஒற்றை விளக்குக்காகவும் ஒரு நாள் குப்பைக்காகவும் பேசினால் நேரம் வீண். அதற்கு 1913 போதும். பல தெருக்களைத் தொடும் வேலை, அடுத்த ஆண்டுப் பட்டியலில் சேர வேண்டிய வேலை, இவற்றை அங்கே வையுங்கள். ஒரே தாள், மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம். தெருவின் பெயர், எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை, நீளம் எத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு, மனு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த நகலைக் காட்டித்தான் முதல் கேள்வியைக் கேட்க வேண்டும்.

கேள்வி: பிடித்துப் போன தெருநாய்களை நாலைந்து நாளில் அதே தெருவில் விட்டுவிட்டார்கள். ஏன்?
– வாசகி, புளியந்தோப்பு

பதில்: 2023-ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன: கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அந்த இடம் காலியானால் ஊசி போடாத புது நாய்கள் வந்து நிரப்பிவிடும். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-இல் இதை ஏற்று, வெறிநோய் கண்டவையும் ஆக்ரோஷமானவையும் திரும்ப விடப்படக்கூடாது என்றது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்தவற்றை அங்கேயே விடக்கூடாது என்று அதே ஆண்டு நவம்பர் 7-இல் உத்தரவிட்டது. எனவே கடிக்கும் நாயைப் பற்றிச் சொல்லும்போது தேதி, இடம், சிகிச்சைச் சீட்டின் நகல் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். காதில் 'வி' வடிவ வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய். வெட்டு இல்லாதவற்றின் எண்ணிக்கையைத் தெரு வாரியாக எழுதி 1913-இல் பதியுங்கள்.

கடி பட்டால் முதல் வேலை, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. மஞ்சளோ காபித்தூளோ சுண்ணாம்போ வேண்டாம். அன்றே ஊசி, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில். நடுவில் நிறுத்தாதீர்கள். நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இலவசம்.

கேள்வி: தெருவிளக்கு எரியவில்லை. மின்வாரியமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: இல்லை, மாநகராட்சி. கம்பத்தில் பெயின்ட்டால் எழுதிய எண்ணைச் சொல்லுங்கள். அழிந்திருந்தால் எதிர்க் கதவு எண். ஒரு விளக்கு மட்டும் அணைந்ததா, வரிசையே அணைந்ததா என்பதையும் சொல்லுங்கள். வரிசை என்றால் கேபிள் அல்லது சுவிட்ச் பெட்டிப் பழுது; அதற்கு வேறு குழு வர வேண்டும். கம்பி தொங்கினாலோ மின்பெட்டி திறந்து கிடந்தாலோ மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. மழையில் அந்தக் கம்பத்தின் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.

கேள்வி: குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை. குழந்தைக்கு நான்கு வயது.
– வாசகி, வில்லிவாக்கம்

பதில்: 12 மாதம் வரை இலவசம், அதற்குப் பின் 15 வயது வரை 200 ரூபாய் தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழிக் கடிதத்தோடு, பிறப்பு எந்த மண்டலத்தில் பதிவானதோ அந்த மண்டல அலுவலகத்துக்குப் போங்கள். இப்போது நீங்கள் குடியிருக்கும் மண்டலம் அல்ல, மருத்துவமனை இருக்கும் மண்டலம். தலைப்பெழுத்து முன்னாலா பின்னாலா, 'ஸ்ரீ' சேருமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது கடினம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கோ பள்ளி, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம்.